நாலாவது உறை

பஸ் ஓட்டுநர் கதவைத் தட்டவில்லை. நேராக உள்ளே வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு, வயிற்றின் வலப்பக்கத்தை ஒரு கையால் அணைத்தபடி ஒருக்களித்து உட்கார்ந்தார். ஒரு காலத்தில் நூறு கிலோ இருந்திருப்பார். இப்போது அவருடைய சட்டை மட்டும்தான் அந்த எடையில் இருந்தது.

"மூணு ரூம் ஏறி இறங்கிட்டேன். மூணு பேரும் உங்ககிட்டயே தள்ளி விடறாங்க. நீங்க டாக்டரா?"

"இல்ல சார். நான் கணக்கு பாக்கறவ."

"போச்சுடா," என்றார் அவர், கூரையைப் பார்த்து.

கணக்கு என்றால் வரவு செலவு இல்லை. இரண்டு அறுவை சிகிச்சைகளில் எது நல்லது என்று ஊர் அடித்துக்கொள்ளும்போது, எத்தனை பேரை வைத்துப் பார்ப்பது, யாருக்கு எதைச் செய்வது, எப்படிப் பார்த்தால் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ளாமல் இருப்போம் என்று திட்டம் போட்டுக் கொடுப்பது அவள் வேலை. டாக்டர்கள் அவளுக்கு வைத்திருந்த பட்டப்பெயர் சல்லடை. அவளிடம் எதைக் கொடுத்தாலும் சலித்து, தவிட்டை அவர்கள் முகத்துக்கு நேராகவே கொட்டுவாள் என்று பேர். அந்தப் பேரில் அவளுக்கு உள்ளூரப் பெருமை உண்டு. அந்தப் பெருமை அன்று சாயங்காலம் வரைதான் இருக்கப்போகிறது என்று அவளுக்கு யார் சொல்வது?

"டிப்போவில என்னைப் பொய்யன்னு சொல்றாங்க மேடம். ஹெர்னியா ஆபரேஷனுக்குன்னு மூணு தடவை லீவு எடுத்தேன். மூணு தடவையும் பண்ணாம திருப்பி அனுப்பிட்டீங்க. கடைசியா அனுப்பின அஞ்சாம் நாள் வண்டி ஓட்டும்போதே குடல் மாட்டிக்கிச்சு. உள்ளயே அழுகிப்போச்சாம். வெட்டி எடுத்துட்டு, மலம் போக வயித்துல இந்தப் பையை மாட்டி விட்டுட்டாங்க. இப்ப டிப்போவில, ஆபரேஷன்னு சொல்லிட்டு எங்க ஊர் சுத்தினன்னு கேக்கறாங்க. ஏன் திருப்பி அனுப்பினீங்கன்னு ஒரு லெட்டர் எழுதிக் குடுங்க. வேற ஒண்ணும் வேண்டாம்."

அவள் தள்ளிவைப்பு நோட்டை எடுத்தாள். அறுவை நாளன்று வந்து, ஏதோ ஒரு காரணத்தால் இன்னொரு நாளைக்கு ஒத்திப்போடப்பட்டவர்களின் பட்டியல் அது. அவர் பெயரைத் தேடினாள். மூன்று இடத்திலும் ஒரே வார்த்தை.

"இருமல்னு போட்டிருக்கு."

"யாருக்கு?"

"உங்களுக்குத்தான் சார்."

"எனக்கா?" ஓட்டுநர் சிரித்தார். சிரித்தால் பை வலிக்கும் போலிருக்கிறது, பாதியில் நிறுத்திக்கொண்டார். "நல்ல கதையா இருக்கே. சிகரெட் குடிப்பேன், ஒத்துக்கறேன். ஆனா அன்னைக்கு ஒரு செருமல்கூடக் கிடையாது. விடியக்காலையில இருந்து வெறும் வயித்தோட, அந்தப் பின்னாடி திறந்த கவுனைப் போட்டுட்டு உக்காந்திருந்தேன். யாரும் நெஞ்சுல குழாய்கூட வெச்சுப் பாக்கல. ஒரு சிஸ்டர் வந்து, இன்னைக்கு இல்ல, ரெண்டு வாரம் கழிச்சு வாங்கன்னாங்க. மூணு தடவையும் அதே பாட்டு."

அவள் அவருடைய விலாசத்தை எழுதிக்கொண்டு, அடுத்த வாரம் கடிதம் தயாராக இருக்கும் என்றாள். அவர் எழுந்து போன பிறகு நோட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டினாள். இருமல். இருமல். ரத்தக் கொதிப்பு. இருமல். காய்ச்சல். இருமல், இருமல். நாற்பத்தொரு இருமல்! இந்த ஊரில் மனிதர்கள் வேலை வெட்டி பார்க்கிறார்களா, இல்லை நாள் முழுக்க இருமிக்கொண்டே இருக்கிறார்களா?

மூன்று வருஷ ஆய்வு அது. ஹெர்னியா, அதாவது அடிவயிற்றில் குடல் இறங்கினால், இரண்டு விதமாகச் சரிசெய்யலாம். ஒன்று, வெளியிலிருந்து கீறித் திறந்து வலை வைத்துத் தைப்பது. மற்றது, மூன்று சின்னத் துளை போட்டு உள்ளிருந்தே வலையை ஒட்டுவது. ஆய்வுக்காரர்கள் சுருக்கமாகத் திறப்பு, துளை என்பார்கள். துளைதான் நல்லது என்று நாடு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தவர் இந்த மருத்துவமனையின் பெரிய டாக்டர். அவர் அவளுடைய கூடப்பிறந்த அண்ணன். 'அண்ணன் வெட்டுவார், தங்கச்சி எண்ணுவாங்க' என்று வார்டில் கேலி உண்டு.

யாருக்கு எது என்பதை டாக்டர் தீர்மானிக்கக் கூடாது. தீர்மானித்தால் லேசான கேஸ்களையெல்லாம் தனக்குப் பிடித்த பக்கம் ஒதுக்கிவிடுவார். பிறகு ஜெயித்தது அறுவையா, ஆளா என்று யாருக்குத் தெரியும்? அதனால் குலுக்கல். ஒளி புகாத உறைகள், வரிசை எண் போட்டு, ஒட்டி, முத்திரை வைத்து. நோயாளி சம்மதித்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அடுத்த உறையைக் கிழிக்க வேண்டும். உள்ளே துளை என்றிருந்தால் துளை, திறப்பு என்றிருந்தால் திறப்பு. முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் முடிந்துவிட்டார்கள். துளை பெரிய வித்தியாசத்தில் முன்னால் நின்றது. மறுநாள் மத்தியானம் மேற்பார்வைக் குழு கூடுகிறது. அவள் அறிக்கையில் கையெழுத்துப் போட்டால் பதினோரு மருத்துவமனைகள் துளைக்கு மாறும்.

அவள் இருமல்களைத் தேதிவாரியாக எடுத்து, உறை எண்களுக்குப் பக்கத்தில் எழுதினாள். ஓட்டுநர் முதல் முறை வந்த அன்று கிழிபட வேண்டியது நூற்று எண்பத்து நாலாவது உறை. இரண்டாம் முறை நூற்று எண்பத்தெட்டு. மூன்றாம் முறை நூற்றுத் தொண்ணூற்றொன்று. மூன்றிலும் உள்ளே இருந்தது துளை. மற்றவர்களையும் பார்த்தாள். கனத்த உடம்புக்காரர்களுக்கும் சிகரெட் பிடிப்பவர்களுக்கும் துளை வர வேண்டிய நாளில் மட்டும் இருமல் வந்தது. ஒல்லியான, இளவயதுக்காரர்களுக்குத் திறப்பு வர வேண்டிய நாளில் மட்டும் வந்தது. இவ்வளவு படித்த இருமலை அவள் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை.

நேரத்துக்கு முன்னால் முத்திரை ஒன்றுகூடப் பிரியவில்லை. உறைகளை எண்ணி வாங்கியவள் அவளே. பிரிக்காமல் எப்படித் தெரிந்தது?

கீழே அறுவை அரங்குக்குப் போனாள். கை கழுவும் தொட்டிக்கு எதிரே வெள்ளைப் பலகை. அதன் ஓரத்தில் சின்னச் சின்னக் கட்டங்கள், ஒரு வரிசைக்கு நாலு. ஒவ்வொன்றிலும் 'து', 'தி' என்று அழகான கையெழுத்து. கடைசி வரிசைவரை ஒழுங்காக நிரம்பியிருந்தது.

"இது என்ன சிஸ்டர்?"

அரங்குச் செவிலி கையுறையைக் கழற்றிக்கொண்டே, "நம்ம டிரையல் கணக்குதான் மேடம். நாலு உறையில ரெண்டு துளை, ரெண்டு திறப்பு. மூணு முடிஞ்சா நாலாவது என்னன்னு தெரிஞ்சிடுமே. முதல் ரெண்டும் திறப்பா வந்துட்டா, மிச்சம் ரெண்டும் துளை. பெரிய டாக்டர்தான் எழுதி வைக்கச் சொன்னார், சாமான் தயாரா எடுத்து வைக்க வசதியா இருக்கும்னு."

"நாலுல ரெண்டுன்னு உங்களுக்கு யார் சொன்னா?"

செவிலி அவளை விசித்திரமாகப் பார்த்தார். "திட்டப் புத்தகத்துல போட்டிருக்கே மேடம். பத்தொன்பதாம் பக்கம். நீங்க எழுதினதுதானே?"

அவளுக்கு முகத்தில் அறைந்தது மாதிரி இருந்தது. ஆமாம், அவள் எழுதியதுதான். இரண்டு பக்கமும் ஆட்கள் சமமாக விழ வேண்டும் என்பதற்காக நாலு நாலாகக் கட்டி, ஒவ்வொரு கட்டிலும் இரண்டுக்கு இரண்டு. முன்பு ஒரு மாத்திரை ஆய்வுக்குப் போட்ட திட்டத்திலிருந்து அந்தப் பத்தியை அப்படியே எடுத்து ஒட்டியிருந்தாள். மாத்திரையில் அது ஒரு கெடுதலும் செய்யாது. எந்த டப்பாவில் எந்த மருந்து என்று கொடுப்பவருக்கே தெரியாது. அறுவையில்? வெட்டுகிறவருக்கு, பக்கத்தில் நிற்பவருக்கு, தரை துடைக்க வருபவருக்குக்கூட இப்போது நடந்தது துளையா திறப்பா என்று தெரியும். கட்டின் அளவை நாலு, ஆறு, எட்டு என்று கலைத்துப் போட்டு, அதைத் தன் பெட்டிக்குள் பூட்டி வைத்திருக்க வேண்டியவள், அச்சடித்து ஆளுக்கொரு பிரதி கொடுத்திருக்கிறாள். கதவுக்குப் பூட்டுப் போட்டுவிட்டுச் சாவியைப் பூட்டிலேயே தொங்கவிட்டிருக்கிறாள். சல்லடையாம் சல்லடை! அவள் அந்த இடத்திலேயே தலையில் அடித்துக்கொண்டாள். செவிலி பயந்துபோய்த் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்.

அண்ணன் தன் அறையில் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார்.

"வா பாப்பா. நாளைக்கு ரெடியா?"

ஐம்பது வயதில் பாப்பாவாம்! அவள் நோட்டை மேசைமேல் போட்டாள். டீ தளும்பியது.

"நாப்பத்தொரு தடவை இருமல். நீ ஒருத்தருக்காவது நெஞ்சைத் தொட்டுப் பாத்தியா?"

அவர் நோட்டைப் பார்க்கவில்லை. கதவைப் பார்த்தார். "கதவைச் சாத்து."

"சாத்த மாட்டேன்."

"சரி, கத்தாம கேளு. நூறு கிலோ ஆளு, நாளைக்கு ரெண்டு பாக்கெட் சிகரெட். அவனுக்குத் துளை போட்டு, வலை விலகிப்போச்சுன்னா, உன் கணக்குல என் ஆபரேஷன் மேல ஒரு கறுப்புப் புள்ளி விழும். அவனுக்கு எது நல்லதுன்னு எனக்குத் தெரியாதா? இருபத்தாறு வருஷமா வெட்டறேன்."

"தெரியும்னா டிரையல் எதுக்கு நடத்தின?"

"ஊரை நம்ப வைக்க வேண்டாமா?"

அவர் அதைச் சர்வ சாதாரணமாகச் சொன்னார். அவளுக்கு ரத்தம் உச்சிக்கு ஏறியது. சின்ன வயதில் பஸ்ஸில் ஜன்னலோரம் யாருக்கு என்று அம்மா சீட்டுப் போடுவாள். இவன் தன் சீட்டின் மூலையை நகத்தால் லேசாக மடக்கி வைப்பான். மாட்டிக்கொண்டால், 'எனக்குத்தான் வாந்தி வரும், அதனால எனக்குத்தான் ஜன்னல்' என்பான். வாந்தி ஒரு நாளும் வந்ததில்லை.

"அந்த பஸ் டிரைவரை ஞாபகம் இருக்கா?" என்றாள். "துளை வருதுன்னு மூணு தடவை திருப்பி அனுப்பினியே. அவருக்குத் திறப்புதான் நல்லதுன்னா திறப்பு வர்ற நாள் பாத்தாவது கூப்பிட்டிருக்கலாம். அதுக்குக்கூட மெனக்கெடல. குடல் அழுகி, பையோட உக்காந்திருக்கார்."

அண்ணனின் கை டீயிலிருந்து விலகியது. "அது துரதிர்ஷ்டம்," என்றார். "காத்திருக்கற யாருக்கும் நடக்கலாம்."

"காக்க வெச்சது நீ."

"நாலு நாலா கட்டம் போட்டது யாரு? பத்தொன்பதாம் பக்கம் நான் எழுதினதா?" அவர் குரலைத் தணித்தார். "யோசிச்சுப் பாரு பாப்பா. என்னைத் தள்ளிவிட்டா நீயும் கூடவேதான் விழுவ. எடை, வயசு, சிகரெட் எல்லாத்துக்கும் கணக்குல சரிபண்ண வழி இருக்குன்னு நீயே பாடம் எடுக்கறியே. சரிபண்ணிட்டுப் போயேன். யாருக்கு என்ன நஷ்டம்?"

முடியும்தான். அதுதான் அவளை இன்னும் எரித்தது. எடைக்கும் வயதுக்கும் சரிபண்ணி, அழகான அட்டவணை போட்டு, அடிக்குறிப்பில் நாலு வரி எழுதினால் ஒருவரும் கேட்க மாட்டார்கள். ஆனால் அண்ணன் ஒருவரைப் பார்த்த பார்வையில் என்னென்ன எடைபோட்டார் என்பது எந்த அட்டவணையிலும் இல்லை. இல்லாததற்கு எதைக் கொண்டு சரிபண்ணுவது?

அன்று சாயங்காலம் அண்ணி போன் செய்தாள். "குடும்பத்துக்குள்ள பேசித் தீத்துக்கக் கூடாதா? அவர் பேரு கெட்டா உன் பேரு நல்லா இருக்குமா? வீட்டுல வந்து ஒரு வாய் சாப்பிடல, தெரியுமா?"

"பையை மாட்டிக்கிட்டவர் என்ன சாப்பிடறார்னு கேட்டீங்களா அண்ணி?" என்று கேட்டுவிட்டு வைத்தாள். அண்ணிமேல் அவளுக்கு எப்போதும் பிரியம் உண்டு. அப்படிப் பேசியிருக்க வேண்டாம்தான். ஆனால் பேசிவிட்டாள்.

மறுநாள் குழுவில் ஐந்து பேர். தலைவர் வேறொரு மருத்துவமனையின் இருதய டாக்டர். அதிகம் பேசாத பெண்மணி. அண்ணன் எதிர்ப்பக்கம், புதுச் சட்டையில். எல்லோரும் முடிவு அட்டவணைக்காகக் காத்திருந்தார்கள். அவள் திரையில் பத்தொன்பதாம் பக்கத்தைப் போட்டாள்.

"இது என் தப்பு," என்றாள். "அறுவை ஆய்வுல நாலுங்கற அளவைப் போட்டதும் தப்பு, அதை வெளியில சொன்னதும் தப்பு. மூணு உறை பிரிச்சா நாலாவது தெரியும். தெரிஞ்சுது. பயன்படுத்தினாங்க." அடுத்து வெள்ளைப் பலகையின் படம். அடுத்து நாற்பத்தொரு இருமல், உறை எண்களோடு.

ஒருவர் பேனாவைக் கீழே வைத்தார். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடியும் மாட்டிக்கொண்டு படித்தார்.

"அப்படின்னா எந்த அறுவை நல்லது?"

"தெரியாது."

"ஏறக்குறையக்கூடச் சொல்ல முடியாதா? முந்நூறு பேருக்கு மேல இருக்காங்களே?"

"முந்நூத்திப் பன்னிரண்டு பேர் நம்மள நம்பி வயித்தைக் குடுத்தாங்க மேடம். எது நல்லதுன்னு நமக்கே தெரியாது, அதனாலதான் குலுக்கறோம்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்லிக் கையெழுத்து வாங்கினோம். அந்தக் கையெழுத்தை வாங்கிட்டு இப்படிப் பண்ணியிருக்கோம். இந்த அறிக்கையில நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

தலைவர் அண்ணன் பக்கம் திரும்பினார். "டாக்டர், நீங்க என்ன சொல்றீங்க?"

அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். தொண்டையைச் செருமினார். வாயைக் கையால் மூடி ஒருமுறை இருமினார், மறுபடியும் ஒருமுறை.

"இருமலா அண்ணா?" என்றாள் அவள். "அப்ப இன்னைக்கு வேண்டாம். ரெண்டு வாரம் கழிச்சு வரியா?"

யாரும் சிரிக்கவில்லை. அண்ணனின் காது மடல்கள் சிவந்தன. ஆய்வை நிறுத்தி விசாரிப்பதென்று தீர்மானம் எழுதினார்கள். இரண்டு பேர் பெயரும் அதில் இருந்தது. முதல் பெயர் அவளுடையது.

அடுத்த வாரம் சொன்ன நாளில் பஸ் ஓட்டுநர் வந்தார். இந்தத் தடவை கதவைத் தட்டினார். அவள் கடிதத்தை அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் விரலை ஓட்டிச் சத்தமாகப் படித்தார்.

"இவருக்கு இருமல் எதுவும் இருக்கவில்லை. குறிப்பிட்ட மூன்று நாட்களிலும் இவர் அறுவைக்குத் தயாராக வந்திருந்தார். மருத்துவ ஆய்வில் நடந்த முறைகேட்டினால் மட்டுமே திருப்பி அனுப்பப்பட்டார்." நிமிர்ந்தார். "என்ன முறைகேடு?"

அவள் சொன்னாள். உறைகளை, நாலை, பலகையை, தன்னுடைய பத்தொன்பதாம் பக்கத்தை. எதையும் பூசி மெழுகவில்லை. அவர் இடையில் குறுக்கிடாமல் கேட்டார். பஸ்ஸில் சில்லறைக்குச் சண்டை போடுகிறவர்களை ஒரு ஓட்டுநர் கண்ணாடியில் பார்ப்பாரே, அப்படிப் பார்த்தார்.

"அப்ப அந்த முந்நூறு பேர்ல நான் இருக்கேனா?"

"இல்ல சார். உறை பிரிச்சாத்தான் கணக்குல வருவீங்க. உங்களுக்குப் பிரிக்கவே இல்ல."

"நல்லா இருக்கு," என்றார். "குடலை விட்டவன் கணக்குலயே இல்ல." கொஞ்சம் பொறுத்து, "சரி, இத்தனை பேரை வெட்டினீங்களே. எது நல்லதுன்னாவது கண்டுபிடிச்சீங்களா?"

"இல்ல."

அவர் தலையாட்டினார். மன்னிப்புக் கேட்க அவள் வாயைத் திறந்தாள். அவர் கையைக் காட்டித் தடுத்துவிட்டார். அது வேண்டாம் போலிருக்கிறது. கடிதத்தின் அடியைப் பார்த்தார். அவளுடைய கையெழுத்துக்குப் பக்கத்தில் அறுவை மருத்துவர் என்று அச்சடித்த இடம் காலியாக இருந்தது.

"பெரிய டாக்டர் கையெழுத்து இல்லாம டிப்போவில வாங்க மாட்டாங்களே மேடம்." அவர் வயிற்றை அணைத்துக்கொண்டு, பழகிய ஆள் மாதிரி எழுந்தார். "எப்ப வரணும்?"

அந்த இரண்டு வார்த்தையில் அவள் பதறிப்போனாள். மூன்று தடவையும் இப்படித்தான் கேட்டிருப்பார்.

"நீங்க வர வேண்டாம். உக்காருங்க சார். இங்கயே உக்காருங்க."

கடிதத்தை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். அண்ணன் தொட்டியடியில் முழங்கை வரை நுரையோடு நின்றார். விசாரணை முடியும்வரை மற்ற அறுவைகளைச் செய்யலாம் என்று விட்டிருந்தார்கள். ஒரு வாரமாக இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. பலகையின் ஓரத்தில் கட்டங்களை அழித்த இடம் மற்ற இடத்தைவிட வெளுப்பாகத் தெரிந்தது.

அவர் கடிதத்தைப் படித்தார். "இப்பவா? பேஷண்ட் டேபிள்ல இருக்கார். கை கழுவிட்டேன் பார். அப்புறம் வா."

"கழுவினா மறுபடியும் கழுவிக்கோ. நோயாளிக்கு இன்னும் மயக்கம் குடுக்கல, கேட்டுட்டுத்தான் வந்தேன். அந்த மனுஷன் மேல உக்காந்திருக்கார். அவரை இன்னொரு நாள் வரச்சொல்ல எனக்கு வாய் வராது. உனக்கு வரும்னா நீயே மேல வந்து அவர் முகத்தைப் பாத்துச் சொல்லு."

அண்ணன் அவளை முறைத்தார். அவளும் முறைத்தாள். குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

அவர் நுரையை அலசினார். துண்டில் கையைத் துடைத்தார். அவள் பேனா மூடியைக் கழற்றி நீட்டினாள். இருமல் எதுவும் இருக்கவில்லை என்ற வரியில் ஒரு கணம் நின்று, கையெழுத்துப் போட்டார். ஈரத்தில் கடைசி எழுத்து கொஞ்சம் கலைந்தது.

அவள் அதை ஊதிக்கொண்டே படியேறினாள்.